அரிய மார்பகக் கட்டிகளும் அறுவைத் திட்டமும்: படிமவியலின் பணி

அரிய கட்டிகள் எவை

மார்பகப் புற்றுநோய்களில் 100-க்குச் சுமார் 70, தனி வகை எதிலும் சேராத ஊடுருவும் நாளப் புற்று. 10 முதல் 15 வரை லோபுலர் புற்று. எஞ்சிய சிறு பங்கை மியூசினஸ், மெட்டாபிளாஸ்டிக், பாப்பிலரி, அடினாய்டு சிஸ்டிக் முதலிய தனிவகைப் புற்றுகள் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. புற்று (கார்சினோமா) என்ற வரையறைக்குள் அடங்காத கட்டிகளும் மார்பகத்தில் உண்டு. இணைப்புத் திசுவும் சுரப்பித் திசுவும் சேர்ந்து வளரும் ஃபில்லோடிஸ் கட்டி, இரத்தக்குழாய் அணுக்களிலிருந்து எழும் ஆஞ்சியோசார்கோமா, நிணநீரணுக்களின் லிம்ஃபோமா, நார்த்திசுவின் ஃபைப்ரோமடோசிஸ் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றில் பல, மார்பகக் கட்டிகளில் 100-க்கு ஒன்று என்ற அளவைக்கூட எட்டுவதில்லை.

எண்ணிக்கைக் குறைவு மட்டுமே இவற்றைத் தனித்து நிறுத்தவில்லை. வழக்கமான அறுவை விதிகள் இவற்றுக்குப் பொருந்தாமையே பெரிய சிக்கல். பொதுவகைப் புற்றின் விதிகள் ஆயிரக்கணக்கான பெண்களைச் சேர்த்த ஆய்வுகளிலிருந்து பிறந்தவை. வெட்டியெடுத்த திசுவின் ஓரத்தில் பூசிய மையைப் புற்றணு தொடாதிருந்தால் அந்த விளிம்பு போதும் என்பது 2014-இல் அமெரிக்காவின் அறுவைப் புற்றியல், கதிர்வீச்சுப் புற்றியல் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட நெறி. அக்குளில் புற்றணு முதலில் சென்றடையும் நிணநீர்க் கணுவான சென்டினல் கணுவை எடுத்துச் சோதிப்பதும் அதேபோல் நிலைபெற்ற நடைமுறை. தீவிர ஃபில்லோடிஸ் கட்டிக்கு முதல் விதி போதாது, இரண்டாவது பெரும்பாலும் தேவையில்லை. லிம்ஃபோமாவுக்கோ அறுவையே சிகிச்சை அன்று.

ஆகவே அறுவைக்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். கட்டி எந்த வகை? அது எதுவரை பரவியிருக்கிறது? அதை எடுத்தபின் எவ்வளவு திசு எஞ்சும்? முதல் கேள்விக்குப் படம் தனித்து விடை சொல்லாது. ஊசி எங்கே நுழைய வேண்டும் என்பதை மட்டும் காட்டும். மற்ற இரண்டுக்கும் படமே முதன்மையான சான்று. அரிய கட்டிகளில் படிமவியலின் பணி பெயர் சூட்டுவதைவிட எல்லை வகுப்பதில்தான் கூடுதலாக அமைகிறது.

கருவிகளும் அவை தரும் தகவலும்

பெர்லினில் அறுவை மருத்துவராக இருந்த ஆல்பர்ட் சாலமன், அகற்றப்பட்ட சுமார் 3000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து, படத்தில் கண்டதைத் திசுவில் கண்டதோடு ஒப்பிட்டு 1913-இல் வெளியிட்டார். மார்பகப் படிமவியலின் தொடக்கம் அது. இன்றைய மேமோகிராமும் அடிப்படையில் அதே எக்ஸ்ரேதான். மார்பகத்தை அழுத்தி, மேலிருந்து ஒன்றும் சாய்வாக ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுக்கப்படுகின்றன. பல கோணங்களில் எடுத்து அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் டோமோசின்தசிஸ் முறைக்கு அமெரிக்காவில் 2011-இல் ஒப்புதல் கிடைத்தது. சுண்ணாம்புப் படிவுகளைக் காட்டுவதில் மேமோகிராமுக்கு இணை வேறில்லை. சுரப்பித் திசு அடர்ந்த இளம்வயது மார்பகத்தில் கட்டியின் ஓரம் அந்த அடர்த்திக்குள் மறைந்துவிடும். அரிய கட்டிகள் சில அந்த வயதினரிடம் தோன்றுவதால் இக்குறை பெரிதாகிறது.

அல்ட்ராசவுண்ட் அந்த இடத்தை நிரப்புகிறது. கட்டி திண்மமா நீரா, உள்ளே பிளவுகள் உண்டா, இரத்த ஓட்டம் எப்படி, அக்குள் கணுக்களின் புறணி தடித்துள்ளதா என்பதெல்லாம் இதில் தெரியும். நோயாளி மல்லாந்து படுத்த நிலையில் செய்யப்படுவதால், அறுவை மேசையில் கட்டி இருக்கப்போகும் இடத்துக்கு நெருங்கிய அளவீட்டைத் தருவதும் இதுவே. அல்ட்ராசவுண்ட் கருவியின் பார்வைப் பரப்பு குறுகியது. 10 செ.மீ. கட்டியை ஒரே சட்டகத்தில் அடக்க இயலாது. அதன் பின்புறத்தில் மார்புத் தசையோடு உள்ள உறவையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் கடோலினியம் கலந்த மருந்து சிரைவழி செலுத்தப்பட்டு, அது கட்டிக்குள் ஏறும் வேகமும் வெளியேறும் வேகமும் பதிவாகின்றன. மாதவிடாய் நிற்காத பெண்களுக்குச் சுழற்சியின் இரண்டாம் வாரம் ஏற்ற காலம். மற்ற நாட்களில் இயல்பான சுரப்பித் திசுவே மருந்தை மிகுதியாக ஏற்று, கட்டியின் எல்லையைக் குழப்பும். ஊசிச் சோதனையில் ஏற்படும் இரத்தக்கட்டும் இதேபோல் குழப்பக்கூடியது. எம்.ஆர்.ஐ. தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அதை ஊசிச் சோதனைக்கு முன்னரே எடுத்துவிடுவது நல்லது. பேஸ்மேக்கர் போன்ற காரணங்களால் எம்.ஆர்.ஐ. இயலாதவர்களுக்கு, அயோடின் மருந்து செலுத்தி எடுக்கும் மேமோகிராம் ஓரளவு ஈடுசெய்கிறது. சி.டி., பெட்-சி.டி. ஸ்கேன்கள் மார்பகத்தைவிட உடலின் பிற பகுதிகளைப் பார்ப்பதற்கே உரியவை.

பெயர் சொல்வது ஊசி

அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 1993-இல் முதன்முதலாக வெளியிட்ட பைராட்ஸ் முறை, மார்பகப் படங்களின் அறிக்கைக்கு ஒரு பொதுமொழியைத் தந்தது. ஒழுங்கற்ற ஓரமும் முள்போல் நீளும் கோடுகளும் புற்றைச் சுட்டும். உருண்டு திரண்ட தெளிவான ஓரம் தீங்கற்றதைச் சுட்டும் என்பது அதன் பொது அனுபவம். அரிய கட்டிகளிடம் இந்த அனுபவம் தடுமாறுகிறது. மியூசினஸ், மெட்டாபிளாஸ்டிக் புற்றுகளும் தீவிர ஃபில்லோடிஸ் கட்டியும் வழவழப்பான ஓரத்தோடு ஃபைப்ரோஅடினோமாவைப் போலத் தோன்றும். தீங்கற்ற ஃபைப்ரோமடோசிஸும் கிரானுலர் செல் கட்டியும் முள்ளோரத்தோடு புற்றைப் போலத் தோன்றும்.

அதனால் ஊசித் திசுச் சோதனை இல்லாமல் திட்டம் வகுக்கக் கூடாது. மெல்லிய ஊசியால் அணுக்களை மட்டும் உறிஞ்சியெடுக்கும் சோதனை, ஃபில்லோடிஸையும் ஃபைப்ரோஅடினோமாவையும் நம்பகமாகப் பிரித்துக் காட்டாது. திசுத்துண்டை எடுக்கும் கோர் பயாப்ஸி வேண்டும். கட்டி பெரிதாக இருந்தால் அதன் ஒரு பகுதி மற்றொன்றைப் போல் இருப்பதில்லை. நடுவில் அழுகிய திசு இருக்கலாம், ஓரத்தில் அணுக்கள் செறிந்திருக்கலாம். நீரும் திண்மமும் கலந்த பாப்பிலரி வகையில் திண்மப் பகுதியிலிருந்தே திசு எடுக்க வேண்டும். எங்கே மருந்து மிகுதியாக ஏறுகிறது, எங்கே இரத்த ஓட்டம் உண்டு என்று படத்தில் பார்த்து, பல இடங்களில் துண்டு எடுப்பது முறை. எடுத்த இடத்தில் சிறு உலோகக் கிளிப்பை வைத்தால், அறுவைக்கு முன் மருந்துச் சிகிச்சையால் கட்டி கரைந்துபோனாலும் இடம் தவறாது.

ஊசியின் முடிவும் படத்தின் தோற்றமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது அடுத்த படி. ஊசி 'ஃபைப்ரோஅடினோமா' என்று சொல்ல, 45 வயதுப் பெண்ணுக்குச் சில மாதங்களில் இருமடங்கான 5 செ.மீ. கட்டியைப் படம் காட்டினால், ஊசியின் சொல்லை அப்படியே ஏற்கலாகாது. கட்டியை முழுமையாக அகற்றிச் சோதிப்பதே அங்கு சரியான முடிவு.

ஃபில்லோடிஸ் கட்டி: விளிம்பின் கணக்கு

1838-இல் யோஹான்னஸ் முல்லர் விவரித்த ஃபில்லோடிஸ் கட்டி, அரிய கட்டிகளுக்கான அறுவைத் திட்டத்தின் எல்லாச் சிக்கல்களையும் தன்னிடம் கொண்டிருக்கிறது. மார்பகக் கட்டிகள் அனைத்திலும் இது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. 40-களில் உள்ள பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. ஃபைப்ரோஅடினோமாவோ அதைவிட 15, 20 ஆண்டுகள் இளையவர்களிடம் வருவது. நுண்ணோக்கியில் இணைப்புத் திசுவின் தோற்றத்தையும் அணுப்பிரிவின் வேகத்தையும் கண்டு தீங்கற்றது, இடைநிலை, தீவிரம் என மூன்றாகப் பிரிக்கிறார்கள். பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால் மூன்று வகையுமே அறுவைக்குப்பின் அதே இடத்தில் மீண்டும் வளரக்கூடியவை. சிங்கப்பூர் பொதுமருத்துவமனையின் நோயியல் மருத்துவர்கள் 605 கட்டிகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட கணிப்பு முறையில், அணுப் பிறழ்வு, அணுப்பிரிவு, இணைப்புத் திசுவின் மிகுவளர்ச்சி ஆகியவற்றோடு அறுவை விளிம்பும் நான்காவது காரணியாக இடம்பெற்றது. இந்நான்கில் மருத்துவர் கையில் இருப்பது விளிம்பு ஒன்றே.

அல்ட்ராசவுண்டில் இக்கட்டி மடல் மடலான ஓரமும் உள்ளே நீர் நிறைந்த பிளவுகளும் கொண்டு தெரியும். எம்.ஆர்.ஐ.-யின் டி2 படத்தில் அப்பிளவுகள் வெண்மையாக ஒளிரும். அணுக்கள் நெருங்கிய தீவிர வகையில் நீர் மூலக்கூறுகளின் நகர்வு தடைபடுவதை டிஃப்யூஷன் படம் சுட்டிக்காட்டக்கூடும். எனினும் மூன்று வகைகளையும் படத்தால் உறுதியாகப் பிரிக்க முடியாது. படத்தின் பயன் அளவீட்டில்தான். தீங்கற்ற வகைக்கு அகன்ற விளிம்பு கட்டாயமில்லை, கட்டியை முழுமையாக எடுத்துக் கண்காணித்தால் போதும் என்ற கருத்து இன்று வலுப்பெற்றுள்ளது. இடைநிலைக்கும் தீவிர வகைக்கும் சுற்றிலும் 1 செ.மீ. நல்ல திசு சேர்த்து அகற்றுவதே இலக்கு.

அந்த 1 செ.மீ. எவ்வளவு திசுவைக் கேட்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 3 செ.மீ. விட்டமுள்ள உருண்டையின் கனஅளவு சுமார் 14 மி.லி. எல்லாப் பக்கமும் 1 செ.மீ. சேர்த்தால் விட்டம் 5 செ.மீ. ஆகிறது, கனஅளவு 65 மி.லி. கட்டியும் சேர்ந்து 500 மி.லி. உள்ள மார்பகத்தில், நல்ல திசுவின் இழப்பு 100-க்குச் சுமார் 10. அதே மார்பகத்தில் 6 செ.மீ. கட்டி இருந்தால் அது 113 மி.லி.; விளிம்போடு 268 மி.லி. இங்கு நல்ல திசுவின் இழப்பு 155 மி.லி.; இருந்த 387-இல் 40 விழுக்காடு. மார்பகத்தின் கனஅளவில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் அகற்றினால் வடிவம் கெடும் என்பதும், அங்கே எஞ்சிய திசுவை நகர்த்தி அடுக்கும் ஆன்கோபிளாஸ்டிக் முறையோ முழு அகற்றலோ வேண்டியிருக்கும் என்பதும் அறுவை மருத்துவர்களின் பொதுக் கணிப்பு. கட்டி தீங்கற்றதென்று உறுதியானால் இதே 6 செ.மீ. கட்டியை நல்ல திசுவை ஏறக்குறைய இழக்காமலே எடுக்கலாம், ஏனெனில் அது சுற்றுத் திசுவைத் தள்ளிக்கொண்டு வளர்ந்ததே. மார்பகம் மிஞ்சுமா என்பதைக் கட்டியின் அளவோடு அதன் தரமும் மார்பகத்தின் கனஅளவும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. இவற்றில் தரம் ஊசியிலிருந்தும் மற்ற இரண்டு படத்திலிருந்தும் வருகின்றன.

பின்புற விளிம்பு தனிக் கவனம் வேண்டுவது. பெரிய கட்டி மார்புத் தசையின்மேல் அழுந்தி, இடையிலுள்ள கொழுப்புப் படலம் படத்தில் மறைந்துபோகும். அது மட்டுமே ஊடுருவலுக்குச் சான்று ஆகாது. தசைக்குள் மருந்து ஏறித் தெரிந்தால்தான் ஐயம் வலுப்படும். தசை நலமாக இருப்பதாக எம்.ஆர்.ஐ. காட்டினால், தசையுறையை மட்டும் கட்டியோடு சேர்த்து எடுத்துத் தசையைக் காப்பாற்றலாம். விலா எலும்பையோ விலாவிடைத் தசையையோ கட்டி தொட்டிருந்தால் மார்புக்கூட்டு அறுவை மருத்துவரும் குழுவில் சேர வேண்டும், அதற்கு சி.டி. ஸ்கேன் தேவைப்படும்.

தீவிர ஃபில்லோடிஸ் இரத்தத்தின் வழியே பரவும்; நுரையீரலே முதல் இலக்கு. எனவே அறுவைக்கு முன் மார்பின் சி.டி. எடுக்கப்படுகிறது. அக்குள் கணுக்கள் வீங்கியிருந்தாலும் பெரும்பாலும் அது அழற்சி வீக்கமே. அல்ட்ராசவுண்டில் ஐயம் எழுந்த கணுவை ஊசியால் சோதித்தால், தேவையற்ற அக்குள் அறுவையும் அதன்பின் வரும் கைவீக்கமும் தவிர்க்கப்படும்.

ஆஞ்சியோசார்கோமா: தோலில் தெரிவதும் தெரியாததும்

ஆஞ்சியோசார்கோமா இரண்டு வழிகளில் வருகிறது. முதல்நிலை வகை இளம் பெண்களின் மார்பகத் திசுவுக்குள் எழுவது. இரண்டாம் நிலை வகை, மார்பகப் புற்றுக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களிடம் சில ஆண்டுகள் கழித்துத் தோலில் ஊதாநிறத் திட்டாகவோ சிறு கொப்புளமாகவோ தோன்றுவது. அடிபட்ட கன்றல் என்று எளிதில் ஒதுக்கப்படுவது. கதிர்வீச்சுக்குப்பின் தோல் தடிப்பது இயல்பாதலால் மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் பெரும்பாலும் இதைப் பிரித்துக் காட்டுவதில்லை. தோலிலிருந்து நேரடியாகத் திசு எடுத்துச் சோதிப்பதே நோயறியும் வழி.

பரவலை அறிய எம்.ஆர்.ஐ. சிறந்தது. மருந்து விரைந்து ஏறி விரைந்து வெளியேறும். கட்டிக்குள் கசிந்த இரத்தம் டி1 படத்தில் வெண்மையாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் நிறமாற்றத்துக்கு அப்பாலும் தோலுக்கடியில் நோய் படர்ந்திருக்கக்கூடும். அதனால் முழு மார்பகத்தோடு கதிர்வீச்சுப் பட்ட தோலையும் அகலமாக நீக்குவது வழக்கம். அவ்வளவு பெரிய காயத்தைத் தைத்து மூட முடியாது. முதுகிலிருந்தோ வயிற்றிலிருந்தோ தசையும் தோலும் கொண்டுவர வேண்டும். வயிற்றுத் திசுவை எடுப்பதானால் அதற்கு உணவூட்டும் நுண்குழாய்களை சி.டி. ஆஞ்சியோகிராம் முன்கூட்டியே காட்டிவிடும். இங்கு நோயின் எல்லையோடு மறுசீரமைப்பும் படத்திலிருந்தே திட்டமாகிறது.

தனிவகைப் புற்றுகள்

மியூசினஸ் புற்று மூத்த பெண்களுக்கு வருவது, மெதுவாக வளர்வது. சளிப்பொருள் நிறைந்திருப்பதால் எம்.ஆர்.ஐ.-யின் டி2 படத்தில் நீர்க்கட்டிபோல் ஒளிரும். அல்ட்ராசவுண்டில் சுற்றியுள்ள கொழுப்பின் நிறத்தோடு கலந்துவிடும். அதனால் அளவு குறைத்து மதிப்பிடப்படும் அபாயம் உண்டு. சரியாக அளந்துவிட்டால் பெரும்பாலும் மார்பகத்தைக் காத்தே அகற்றலாம்.

மெட்டாபிளாஸ்டிக் புற்று இதற்கு நேர்மாறு. விரைந்து வளரும், பெரும்பாலும் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2-உம் அற்றது. குருத்தெலும்பாகவோ எலும்பாகவோ மாறிய பகுதி இருந்தால் மேமோகிராமில் பருத்த சுண்ணாம்புப் படிவாகத் தெரியும். அறுவைக்கு முன் கீமோதெரபி கொடுத்துக் கட்டியைச் சுருக்கும் உத்தி இதில் பலமுறை பலிப்பதில்லை. சிகிச்சையின் நடுவிலேயே வளர்ந்துவிடக்கூடும். எனவே கீமோதெரபி தொடங்கினால் குறுகிய இடைவெளிகளில் அல்ட்ராசவுண்டில் அளந்து, வளர்ச்சி தெரிந்தவுடன் அறுவைக்கு மாற வேண்டும்.

ஜேம்ஸ் பேஜெட் 1874-இல் விவரித்த முலைக்காம்பு நோய் வெளியே படைபோல் தெரியும். அதன் அடியில் பெரும்பாலோருக்கு நாளத்துக்குள் அடங்கிய புற்றோ ஊடுருவிய புற்றோ இருக்கும். மேமோகிராம் இயல்பாக இருப்பது அதை இல்லையென்று நிறுவாது. எம்.ஆர்.ஐ.-யில் நோய் காம்புக்கு அடியில் மட்டும் இருப்பதாகத் தெரிந்தால் நடுப்பகுதியை அகற்றிக் கதிர்வீச்சு தரலாம். பல பகுதிகளில் சிதறியிருந்தால் முழு அகற்றல் தேவை.

ஆண்களின் மார்பகப் புற்று மொத்தத்தில் 1 விழுக்காட்டளவே. ஹார்மோன் மாற்றத்தால் வரும் வீக்கம் காம்பை மையமாகக் கொண்டு பரவ, புற்றோ சற்று விலகி ஒரு பக்கமாக நிற்கும்; மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் இதைப் பிரிக்கப் போதும். ஆண் மார்பகத்தில் திசு குறைவாதலால் கட்டி விரைவில் தோலையும் தசையையும் எட்டும். இவ்விரு தூரங்களும் அறிக்கையில் இடம்பெற வேண்டும்.

கத்தி விலகும் இடங்கள்

படமும் ஊசியும் சேர்ந்து அறுவையையே தேவையற்றதாக்கும் நிலைகளும் உண்டு. மார்பக லிம்ஃபோமா வழவழப்பான ஓரமுள்ள கட்டியாகவும் பெருத்த அக்குள் கணுக்களாகவும் தோன்றும். கோர் பயாப்ஸி அதை உறுதிசெய்தபின் மார்பகத்தை அகற்றுவதால் ஆயுள் கூடுவதில்லை. மருந்துச் சிகிச்சையும் கதிர்வீச்சும்தான் குணம் தருபவை. அங்கே பெட்-சி.டி. உடல் முழுவதன் நிலையைக் காட்டிச் சிகிச்சைக்கு அடித்தளம் இடுகிறது. ஃபைப்ரோமடோசிஸ் தொலைவில் பரவாதது. ஆனால் மார்புத் தசைக்குள் விரல்விட்டு ஊடுருவி, வெட்டினாலும் திரும்பி வருவது. 2020-இல் வெளியான உலகளாவிய மருத்துவர் குழுவின் ஒருமித்த நெறி, இதை முதலில் கண்காணிக்கவே பரிந்துரைக்கிறது. தானாகச் சுருங்கும் கட்டிகளும் உண்டு. கண்காணிப்புக்கு எம்.ஆர்.ஐ.-யே அளவுகோல்.

மார்பகச் செயற்கைப் பைகளைச் சுற்றி வரும் அரிய லிம்ஃபோமா இந்த விதிக்கு விலக்கு. சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளோடு தொடர்புடைய இந்நோய், பை வைத்துப் பல ஆண்டுகள் கழித்து அதைச் சுற்றி நீர் கோப்பதாகத் தொடங்கும். அல்ட்ராசவுண்ட் துணையோடு அந்நீரை எடுத்துச் சோதித்தால் நோய் தெரியும். பையையும் அதைச் சூழ்ந்த உறையையும் உடையாமல் முழுமையாக அகற்றும் அறுவையே இங்கு முதன்மைச் சிகிச்சை. உறைக்கு வெளியே கட்டி உள்ளதா என்பதை அதற்கு முன் பெட்-சி.டி.-யிலும் எம்.ஆர்.ஐ.-யிலும் பார்த்தாக வேண்டும்.

படத்திலிருந்து அறுவை மேசைக்கு

எம்.ஆர்.ஐ. குப்புறப் படுத்து, மார்பகம் கீழே தொங்கும் நிலையில் எடுக்கப்படுகிறது. அறுவை மல்லாந்த நிலையில் நடக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே கட்டியின் இடம் சில செ.மீ. வரை மாறிவிடும், காம்பிலிருந்து அளந்த தூரம் அப்படியே உதவாது. ஆகவே எம்.ஆர்.ஐ.-யில் கண்ட எல்லையை மல்லாந்த நிலை அல்ட்ராசவுண்டில் மீண்டும் கண்டு, தோலில் வரைந்துகொள்வது பயனுள்ள பழக்கம். கைக்குத் தட்டுப்படாத கட்டிகளுக்கு மெல்லிய கம்பியோ காந்த விதையோ வைத்து வழி காட்டலாம். பரந்த புண்ணின் இரு முனைகளிலும் ஒவ்வொன்று வைத்தால், இடையில் உள்ளதை முழுமையாக எடுக்க முடியும். அறுவை அரங்கிலேயே அல்ட்ராசவுண்ட் வைத்து வெட்டும் தூரத்தை அளக்கும் முறை, ஓரம் தெளிவாக உள்ள ஃபில்லோடிஸ், மியூசினஸ் கட்டிகளுக்கு நன்கு பொருந்துகிறது. எடுத்த திசுவைத் திசைக்குறிகளோடு எக்ஸ்ரே எடுத்து, கிளிப் உள்ளே இருக்கிறதா, எந்த ஓரம் நெருக்கம் என்று பார்த்தால் அதே மயக்கத்தில் கூடுதல் திசுவை நீக்கிவிடலாம்.

வரம்புகள்

எம்.ஆர்.ஐ. நுட்பமானது, அந்த நுட்பமே சில நேரம் இடையூறும் ஆகிறது. பிரிட்டனில் 1623 பெண்களைக் கொண்டு நடந்து 2010-இல் வெளியான காமிஸ் ஆய்வில், அறுவைக்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களிலும் எடுக்காதவர்களிலும் மறு அறுவை தேவைப்பட்டோர் ஒரே அளவு: 19 விழுக்காடு. அது பொதுவகைப் புற்றுகளின் ஆய்வு. அரிய கட்டிகள் ஒவ்வொன்றுக்கும் அத்தகைய ஒப்பீட்டு ஆய்வு நடத்தப் போதிய நோயாளிகள் திரள்வதில்லை. எனினும் அதன் பாடம் இங்கும் செல்லும்: எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. என்பது திட்டம் ஆகாது. 2 செ.மீ. அளவுள்ள, தெளிவான ஓரமுடைய தீங்கற்ற ஃபில்லோடிஸுக்கு அல்ட்ராசவுண்டே போதும். பெரிய கட்டி, தசையை ஒட்டிய கட்டி, ஆஞ்சியோசார்கோமா, பேஜெட் நோய், ஃபைப்ரோமடோசிஸ் ஆகியவற்றில் எம்.ஆர்.ஐ. முடிவை மாற்றக்கூடியது, எனவே அங்கு நியாயமானது. அதில் புதிதாகத் தென்படும் இரண்டாவது புள்ளியைத் திசுச் சோதனை செய்யாமல், சிறு அறுவையை முழு அகற்றலாக மாற்றவும் கூடாது.

அறுவை முடிந்தபின்னும் படத்தின் பணி தொடர்கிறது. ஃபில்லோடிஸ் மீண்டும் வளர்ந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வளர்கிறது. அக்காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரின் கைச்சோதனையும் தேவைக்கேற்ப அல்ட்ராசவுண்டும், தீவிர வகையாயின் நுரையீரலுக்கு சி.டி.-யும் பார்க்கப்படுகின்றன. அறுவைக்கு முந்தைய படங்கள் கையில் இருந்தால்தான் வடுவையும் புதிய வளர்ச்சியையும் பிரித்தறிய முடியும். அவற்றை அளவுகளோடும் திசுச் சோதனை முடிவோடும் சேர்த்துப் பாதுகாப்பதும் அறுவைத் திட்டத்தின் ஒரு பகுதியே.